மீசை முளைத்த நட்சத்திரங்கள்

“என் படத்துல இருக்கிற நட்சத்திரங்களுக்கு மீசை முளைச்சிருக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

வந்த பெண் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. ஒரு பெரிய காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் சுற்ற மறுக்கும் ஒரு மின்விசிறியும் கொண்ட அந்த அறைக்கு எத்தனையோ புகார்கள் வந்திருக்கின்றன. காணாமல் போன பூனை, இரண்டு பேருக்கு விற்கப்பட்ட ஒரே வீடு, தானாகத் திறந்துகொள்ளும் அலமாரி. மீசைப் புகார் இதுதான் முதல் தடவை.

வேன்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. நடுவில் கிடைக்கும் பொழுதில் மனைவியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பதுதான் அவர் உயிர். மனைவி முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்தவர். விபத்துப் படங்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பிரித்துக் கொடுப்பது அங்கே அவர் வேலை. இப்போது ஊரே அவரை ‘விசாரணை அக்கா’ என்று அழைக்கிறது. வேன்காரர் வாயிலும் சில சமயம் அதே ‘அக்கா’ வந்துவிடும். அப்போதெல்லாம் அவர் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

“உட்காருங்க டாக்டர்” என்றார் அக்கா.

“நான் டாக்டர்னு எப்படித் தெரியும்?”

“கிராம்பு எண்ணெய் வாசனை. பல் டாக்டர்தானே?”

வேன்காரர் மெல்ல இருமினார். அவருக்கும் அந்த வாசனை வந்திருந்தது. மசாலாக் கடை என்று முடிவு கட்டி வைத்திருந்தார்.

பல் டாக்டர் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். உள்ளே இருந்து வந்த படத்தைப் பார்த்ததும் வேன்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். கன்னங்கரிய வானம். நடுவில் கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஒரு சின்னப் புகைத் திட்டாகத் தெரியும் அந்த நட்சத்திரங்கள், இங்கே நீல நெருப்புத் துண்டுகளாக எரிந்தன. அவற்றைச் சுற்றி, கண்ணாடியில் ஊதிய மூச்சுக் காற்றைப்போல ஒரு நீல மூட்டம். பெரிய நட்சத்திரம் ஒவ்வொன்றிலிருந்தும் நாலு திசையிலும் மெல்லிய ஒளிக்கோடுகள் நீண்டிருந்தன.

“இதுதான் மீசையா?” என்றார் வேன்காரர். “நல்லா கம்பீரமா இருக்கே!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். இந்த வருஷம்தான் டெலஸ்கோப் வாங்கினேன். கேமராவை அதுல மாட்டி மொட்டை மாடியிலேருந்து எடுக்கிறேன். முதல் மாசம் எடுத்ததெல்லாம் மங்கல். அடுத்து, எல்லா நட்சத்திரமும் பஞ்சு உருண்டை. ஒரு நாள் மூடியைக் கழட்டாமலே இருட்டைப் படம் பிடிச்சுட்டு, ‘ஆஹா, வானம் இன்னைக்கு எவ்வளவு கறுப்பு’ன்னு சந்தோஷப்பட்டேன்.” அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்புறம் ஒரே ஒரு ராத்திரி எல்லாம் கூடி வந்துச்சு. இது அன்னைக்கு எடுத்தது. எங்க வானப்பட மன்றத்துல, ஊர் நூலகத்துச் சுவர்ல மாட்ட படம் கேட்டாங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு தனிப் பிரிவு. யார் கையும் படாம தனியா எடுக்கணும்கிறது விதி. அதை வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டி, ‘கேமரா பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது’ன்னு சொல்லித்தான் எடுத்தேன். குடுத்தேன்.”

“மன்றத்துல என்ன சொன்னாங்க?”

“செயலாளர் படத்தைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி: ‘இது யாரோட டெலஸ்கோப்?’ மிரர் வச்ச டெலஸ்கோப்ல வாய்க்குக் குறுக்கே கம்பிகள் இருக்குமாம். அதுல பட்டு வெளிச்சம் சிதறினாதான் இப்படி மீசை வருமாம். என்கிட்ட இருக்கிறது லென்ஸ் டெலஸ்கோப். குறுக்கே ஒண்ணுமே கிடையாது. அதுல மீசை வரவே வராது. அதனால இது என் படம் இல்லையாம். எங்கேயோ எடுத்ததைக் கொண்டுவந்து என் பேரைப் போட்டுட்டேனாம்.” உறையின் விளிம்பை மடித்து மடித்துப் பிரித்தார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள விளக்கம் சொல்லணும், இல்லைன்னா படத்தை எடுத்துடுவோம்னுட்டார். எனக்குச் சுவரும் வேண்டாம், பரிசும் வேண்டாம். திருடின்னு பேர் மட்டும் வேண்டாம். அதைவிட, அவர் சொல்றது சரி மேடம். என் டெலஸ்கோப்ல மீசை வராதுதான். மத்த எந்த ராத்திரியிலயும் வரல. பத்து நாளா டெலஸ்கோப் கட்டிலுக்கு அடியில கிடக்கு. மாடிப் பக்கம் போகவே பிடிக்கல.”

அக்கா படத்தை மேசைமேல் வைத்து, ஓர் அளவுகோலை எடுத்து ஒளிக்கோடுகளின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.

“என்னங்க, இங்க பாருங்க. என்ன தெரியுது?”

வேன்காரர் குனிந்தார். “கூட்டல் குறி மாதிரி இருக்கு.”

“நல்ல கூட்டல் குறியா?”

“கொஞ்சம் சாய்ஞ்ச கூட்டல் குறி. என் கையெழுத்துல வர்ற மாதிரி.”

“அப்புறம்?”

“ஒரு கோடு பளிச்னு இருக்கு. குறுக்கே போறது சோகையா இருக்கு.”

“அவ்வளவுதான். இதை நீங்க பாத்துட்டீங்க. செயலாளர் பாக்கல.” அக்கா டாக்டரிடம் திரும்பினார். “இதுக்கு முன்னாடி எடுத்த பஞ்சு உருண்டைப் படங்கள் இருக்கா?”

“அழிக்க மனசு வரல. எல்லாமே லேப்டாப்ல இருக்கு.”

“சாயந்திரம் வீட்டுக்கு வர்றோம். வீட்டுல யார் யார்?”

“நான், என் வீட்டுக்காரர், என் மாமியார். வீட்டுக்காரர் ரொட்டிக் கடை வச்சிருக்கார். அத்தைக்கு…” டாக்டர் தயங்கினார். “அத்தைக்கு இந்த டெலஸ்கோப்பைக் கண்டாலே ஆகாது.”

டாக்டர் படியிறங்கியதும் வேன்காரர் கதவைச் சாத்தினார்.

“அந்தச் செயலாளர்தான். சந்தேகமே இல்ல. புதுசா ஒருத்தங்க நல்லா எடுத்துட்டாங்கன்னு பொறாமை. ராத்திரியில வந்து படத்தையே மாத்திட்டான்.”

“எதுக்காக? மோசமான படத்தை வைக்காம, இவ்வளவு அழகானதை வச்சுட்டுப் போனானா?”

வேன்காரர் யோசித்தார். “நல்ல மனசு உள்ள பொறாமைக்காரனா இருக்கலாம்” என்றார், அவ்வளவு நம்பிக்கை இல்லாமல்.

பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு, அதே வேனில் இருவரும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் மாமியார். குள்ளமான, வேகமான பெண்மணி. கையில் தைத்துக்கொண்டிருந்த சட்டை, கழுத்தில் தொங்கும் இயர்போன் ஒயர்.

“வாங்க வாங்க. போலீஸா?”

“இல்லைங்கம்மா. விசாரணை.”

“ரெண்டும் ஒண்ணுதான். செருப்பை அங்க விடுங்க.”

கூடத்தில் ஒரு கைபேசி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மாமியார் அதைச் சட்டென்று எடுத்துக் கவிழ்த்து, மெத்தை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

“அம்மா நாள் பூரா சீரியல்தான்” என்றார் மகன். நல்ல உயரம். கண்ணில் தூக்கம், கையில் நூல் கட்டிய பிஸ்கட் பொட்டலம். ரொட்டிக் கடைக்காரர் அதைப் பிரித்துத் தட்டில் வைத்தார். “சாப்பிடுங்க. நம்ம கடை பிஸ்கட். எனக்கு அந்த மாடியில என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது சார். இருட்டினதும் படுத்தாதான் விடியறதுக்கு முன்னாடி அடுப்பைப் பத்த வைக்க முடியும். இவ மாடி ஏறும்போது நான் குறட்டை விட ஆரம்பிச்சிருப்பேன்.”

“அவன் குறட்டைதான் எனக்கு இடி” என்றார் மாமியார். ஒரு பிஸ்கட்டை எடுத்து டம்ளரில் நன்றாக முக்கிக்கொண்டார். “பல் செட்டு. மருமக செஞ்சு குடுத்தது. அப்படியே கச்சிதம், கழண்டு வராது. இந்த வேலையெல்லாம் நல்லாத்தான் செய்வா. அதோட நிக்க வேண்டியதுதானே? மாடியே கதின்னு கிடப்பா. ஒரு படமா ரெண்டு படமா, அறுபது எழுபது எடுத்து, அத்தனையும் அடுக்கி, அடுக்கினதுல மறைஞ்சிருக்கிற வெளிச்சத்தை இழுத்து, வானத்தைக் கறுப்பாக்கி… ஒரு படத்துக்கு இத்தனை பாடு! நிலாவை ஜன்னல்லயே பாத்துட்டுப் போகலாமே.”

“அத்தை, நான் எடுக்கிறது நிலா இல்ல.”

“எதுவோ ஒண்ணு. மேல இருக்கிறது எல்லாம் எனக்கு நிலாதான்.”

அக்கா சிரித்தபடி அவர் தையலைப் பார்த்தார். “அழகா பொத்தான் வைக்கிறீங்க. ஊசி கொஞ்சம் குடுக்கிறீங்களா? இவர் சட்டைக் கை பிரிஞ்சிருக்கு.”

வேன்காரர் தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிய மனைவியின் கண்ணசைவு அவருக்குப் புரியும். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மாமியார் தையல் டப்பாவைத் திறந்தார். வண்ண வண்ண நூல் உருளைகள், கத்தரி, ஒட்டும் டேப், ஒரு விரலுறை. ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பி, பல் இடுக்கில் விட்டு இழுக்கும் மெழுகு நூல் வருமே, அது. அக்கா ஊசியை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு டாக்டரின் அறை. லேப்டாப்பில் தோல்விகள் வரிசையாக ஓடின. மங்கல், பஞ்சு உருண்டை, காற்றில் ஆடியதால் புழுவாக நெளிந்த நட்சத்திரம், ஒரு பறவையின் வயிறு. வேன்காரருக்கு ஒவ்வொன்றும் பிடித்திருந்தது.

“வெளிச்சத்தைக் கூட்டுங்க” என்றார் அக்கா. “வலப்பக்கம் மேல் மூலையில என்ன அது?”

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு மங்கலான வளையம் இருந்தது, ஈர டம்ளர் வைத்து எடுத்த தடம்போல.

“தூசி மேடம். கேமராவுக்குள்ள ஒரு துகள் ஒட்டியிருக்கு. துடைக்கப் பயமா இருக்கு, அப்படியே விட்டுட்டேன்.”

“மீசை வந்த ராத்திரியில எடுத்த படங்கள்?”

டாக்டர் திறந்தார். வலப்பக்கம் மேல் மூலை. அதே வளையம்.

“விபத்துப் படம் எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு கண்டுபிடிக்க நாங்க பாக்கிறது இதைத்தான்” என்றார் அக்கா. “ஊர்ல எத்தனை கேமரா இருந்தாலும் ஒரே தூசி ஒரே இடத்துல உட்காராது. படம் உங்களோடதுதான். இனிமே நீங்க தைரியமா தூங்கலாம்.”

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். “அப்ப மீசை?”

“அதையும் பாத்துடலாம். டெலஸ்கோப்பை எடுங்க.”

கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளைக் குழாய் வெளியே வந்தது. லென்ஸுக்கு முன்னால், பனி படியாமல் இருக்க ஒரு கறுப்பு உறை நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதற்குள் கையை விட்டு விரலால் சுற்றிலும் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு இன்னோர் இடத்தில். நாலு இடத்தில். கடைசியாக மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார்.

“நீங்களும் பாருங்க” என்றார் கணவரிடம்.

வேன்காரர் முகர்ந்தார். “புதினா?”

“அன்னைக்கு ராத்திரி ஃபோகஸ் எப்படி வந்துச்சு டாக்டர்?”

“அதுதான் அதிசயம். மத்த நாள்ல திருகைத் திருப்பிக்கிட்டே இருப்பேன், எங்க நிறுத்துறதுன்னே தெரியாது. அன்னைக்குத் திரையில நட்சத்திரத்தைச் சுத்திக் கோடு கோடா தெரிஞ்சுது. திருப்பத் திருப்ப ரெட்டைக் கோடெல்லாம் ஒண்ணா சேர்ந்துச்சு. சேர்ந்ததும் நிறுத்தினேன். நட்சத்திரம் ஊசி முனை மாதிரி!”

“படம் எடுக்கிறதுக்கு முன்னாடி உறைக்குள்ள பாக்க மாட்டீங்களா?”

“மூடியை இருட்டுலதான் கழட்டுவேன். சின்னச் சிவப்பு விளக்கு மட்டும்தான் இருக்கும். முடிச்சதும் அப்படியே மூடிடுவேன்.”

“நாளைக்குச் சாயந்திரம் இதை மாடியில வைங்க. செயலாளரையும் வரச் சொல்லுங்க. வீட்டுல எல்லாரும் இருக்கணும்.”

வேனில் திரும்பும்போது வேன்காரர் ஸ்டியரிங்கைத் தட்டினார். “கண்டுபிடிச்சுட்டேன்! பிஸ்கட் பொட்டலம். நூல். ரொட்டிக் கடைக்காரர்!”

“நாளைக்குச் சொல்லுங்க” என்றார் அக்கா. “எல்லார் முன்னாடியும்.”

மனைவி இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது வேன்காரருக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மாடியின் தரையில் இன்னும் வெயில் சூடு இருந்தது. கிழக்குப் பக்கச் சுவரில் துருப்பிடித்த கொக்கிகள் வெறுமையாக இருந்தன. துணிக் கொடி மேற்குச் சுவரின் நிழலில் கட்டப்பட்டிருந்தது. தொலைநோக்கி கிழக்கைப் பார்த்து நின்றது. செயலாளர் வந்துவிட்டார். மருந்துக் கடை வைத்திருப்பவர். பேசும்போதே மாத்திரை எண்ணுவதுபோல நிதானமாகப் பேசுவார்.

“நான் யாரையும் திருடின்னு சொல்லல” என்று அவரே ஆரம்பித்தார். “லென்ஸுல மீசை வராது. அவ்வளவுதான் சொன்னேன்.”

“நீங்க சொன்னது சரி” என்றார் அக்கா. “லென்ஸுல வராது. குறுக்கே ஏதாவது இருந்தா வரும். ஆனா உங்க டெலஸ்கோப் கம்பிகள் எப்படி இருக்கும்? ஒரே கனம், சரியான குறுக்கு. இந்தப் படத்துல ஒரு மீசை தடிமன், ஒண்ணு மெலிசு. குறுக்கும் கோணல். இது தொழிற்சாலையில வச்ச கம்பி இல்ல. கையால கட்டின நூல். ரெண்டு வேற வேற நூல்.” தூசி வளையத்தையும் லேப்டாப்பில் காட்டினார். செயலாளர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தூசியை நான் யோசிக்கல” என்றார்.

“நூலைக் கட்டினது யாருன்னு இவர் சொல்வார்.”

வேன்காரர் தொண்டையைச் செருமினார். இந்த நிமிடத்துக்காகத்தான் நல்ல சட்டை போட்டிருந்தார். “பொட்டலம் கட்டுற கைக்கு நூல் கட்டத் தெரியாதா? குற்றவாளி இதோ!” என்று ரொட்டிக் கடைக்காரரை நோக்கிக் கையை நீட்டினார்.

ரொட்டிக் கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். “நானா? நான் இதைத் தொட்டா என்னைத் தொலைச்சுடுவா சார்.”

“அவர் கட்டியிருந்தா ரெண்டும் கடை நூலா இருந்திருக்கும்” என்றார் அக்கா மென்மையாக. “உறைக்குள்ள நாலு இடத்துல டேப் ஒட்டின பிசுக்கு. கூடவே புதினா வாசனை. ஒரு நூல் சாதாரணத் தையல் நூல். இன்னொண்ணு பல் இடுக்குல விடுற புதினா நூல். அந்த ரெண்டும் டேப்பும் சேர்ந்து இந்த வீட்டுல ஒரே ஒரு டப்பாவுலதான் இருக்கு. அந்த டப்பாவுக்குச் சொந்தக்காரங்களுக்கு வாய் முழுக்கப் பல் செட்டு. பல் இடுக்கே இல்லாதவங்களுக்குப் பல் நூல் எதுக்கு?”

எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் துணிக் கொடியில் இல்லாத துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அத்தையா?” என்றார் டாக்டர். “அத்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். அறுபது எழுபது படம் எடுத்து அடுக்கணும், அதுலேருந்து வெளிச்சத்தை இழுக்கணும்னு நேத்து அவங்கதான் சொன்னாங்க. நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்க வாயில அந்த வார்த்தை வருமா? சீரியல் பாக்கிறவங்க ஆள் வந்ததும் எதுக்குப் போனைக் கவிழ்க்கணும்? வெயில் அடிக்கிற கிழக்குச் சுவரை விட்டுட்டு நிழல்ல யாராவது துணி காயப் போடுவாங்களா? டெலஸ்கோப்புக்குக் கொடி மறைக்கக் கூடாதுன்னு யாரோ மாத்திக் கட்டியிருக்காங்க. டாக்டர், நீங்க மாத்தினீங்களா?”

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். கொடி தானாக அங்கே போய்விட்டதாகத்தான் அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

மாமியார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைகளை இடுப்பில் வைத்தார்.

“ஆமா. நான்தான். இப்ப என்ன?” குரலில் வீறாப்பு இருந்தது; கண்ணில் இல்லை. “ஒரு நாள் இவ போன் வந்துச்சுன்னு கீழ ஓடினா. திரை திறந்து கிடந்துச்சு. என்னதான் பாக்கிறான்னு எட்டிப் பாத்தேன். அடேங்கப்பா! சிவப்பும் ஊதாவுமா ஒரு மேகம். இத்தனை வருஷமா நம்ம தலைக்கு மேலயா இது இருந்துச்சு? நான் குனிஞ்சே காலத்தைக் கழிச்சுட்டேனேன்னு இருந்துச்சு. ஆனா டெலஸ்கோப் வந்த அன்னைக்கு அத்தனை பேச்சு பேசிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கிறது? போன்ல ஒரு பையன் பாடம் நடத்துறான். நல்லா சொல்றான், வேகமாத்தான் பேசுறான். ஃபோகஸ் வரலைன்னா குறுக்கே நூல் கட்டிப் பாருங்கன்னான். இவ நாலு மாசமா ஃபோகஸ் வராம கீழ வந்து சாப்பிடாம படுத்துக்கிறா. பொறுக்க முடியல. கட்டிட்டேன். பல் நூல் ஒண்ணுக்குத்தான் வந்துச்சு, தீர்ந்து போச்சு. இன்னொண்ணுக்கு வெள்ளைத் தையல் நூல். மறுநாள் காலையில யாருக்கும் தெரியாம ரெண்டையும் பிச்சு எடுத்துட்டேன்.”

“அப்ப இத்தனை நாளா ஏன் அத்தை சொல்லல? நான் அழுததைப் பாத்தீங்கதானே?”

“எப்படிச் சொல்றது? யார் கையும் படக் கூடாதுன்னு நீதானே படிச்சுக் காட்டினே! சொன்னா, திருட்டுப் படம் இல்லைன்னு ஆகும். ஆனா உன் படமும் இல்லைன்னு ஆகிடுமே. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் கெடுத்த மாதிரி இருந்துச்சு.” அவர் மூக்கை உறிஞ்சினார். “பத்து நாளா நீ மாடிக்கு வரல. நான் மட்டும் தினம் வந்து டெலஸ்கோப் இல்லாத வெறும் முக்காலியைப் பாத்துட்டுப் போறேன்.”

கிழக்கே முதல் நட்சத்திரங்கள் வந்திருந்தன. அக்கா மெதுவாகச் சொன்னார்: “கட்டிக் காட்டுங்கம்மா. செயலாளர் ஒரு தடவை பாக்கட்டும்.”

டாக்டர் தொலைநோக்கியை ரோகிணிக்குத் திருப்பினார். லேப்டாப் திரையில் சிவந்த நட்சத்திரம் உருண்டையாக, மொழுமொழுவென்று வந்து நின்றது. மாமியார் தையல் டப்பாவோடு வந்தார். நூலை இழுத்து ஒட்டிய அவர் விரல்களில் நடுக்கமே இல்லை. முதல் நூலில் இரண்டு பக்கம் ஒளி நீண்டது. இரண்டாவது நூலில் மேலும் கீழும். டாக்டர் திருகைத் திருப்பத் திருப்ப, ரெட்டைக் கோடுகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சட்டென்று ஒரே கோடாகின. ரோகிணி மீசையோடு ஜொலித்தது.

“அட!” என்று கத்திவிட்டார் வேன்காரர். ரொட்டிக் கடைக்காரருக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. செயலாளர் திரைக்குள்ளேயே விழுந்துவிடுவதுபோலக் குனிந்திருந்தார்.

“ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே” என்றார் நிமிர்ந்து, வருத்தத்தோடுதான்.

“உங்க டெலஸ்கோப்ல அந்தக் குறுக்குக் கம்பியை வச்சது யாருங்க?” என்றார் அக்கா.

“கம்பெனிக்காரன்.”

“உங்க படத்துல அவன் பேரையும் போடுவீங்களா?”

செயலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். “தோத்துட்டேன். டாக்டரம்மா, நான் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க. படம் சுவர்லயே இருக்கட்டும்.” அவர் மாமியாரைப் பார்த்துக் கைகூப்பினார். “அம்மா, எங்க மன்றத்துல சேர்றீங்களா? எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு இன்னும் ஃபோகஸ் வரல.”

“பாக்கலாம்” என்றார் மாமியார், பெரிய மனது பண்ணி.

டாக்டர் மாமியார் பக்கத்தில் போய் நின்றார். அவர் தோளை இடித்தார். மாமியார் பதிலுக்கு இடித்தார்.

“எனக்கு நீ பல்லு வச்சே. உன் நட்சத்திரத்துக்கு நான் மீசை வச்சேன். சரியாப் போச்சு, போ.”

திரும்பும் வழியில் வேன்காரர் வேனை ஓரங்கட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தார்.

“ஏம்மா, நம்ம அலுவலகத்துக்கு ஒரு டெலஸ்கோப்…”

“முதல்ல மின்விசிறி” என்றார் அக்கா. ஆனால் அவரும் தலையை வெளியே நீட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூட்டம் நெரிந்தது. கார்த்திகைக் கூட்டம் வாசலுக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சத்தில் தொங்கியது. அதன் கீழே டாக்டர் தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்:

‘நட்சத்திரம்: மருமகள். மீசை: மாமியார்.’

மாமியார் அதை நாலு தடவை படித்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“சீட்டைக் கோணலா ஒட்டியிருக்கே பாரு. என் மீசை மாதிரியே.” எடுத்து நேராக ஒட்டக் கையை நீட்டினார்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும் அத்தை. கோணலா இருந்தாத்தானே நம்மளதுன்னு தெரியும்.”